தப்பைச் சொன்னவருக்கு என்ன ஆனது?

அன்புள்ள மேடம்,

ஒரு செய்தி நிறுவனத்தின் டிஜிட்டல் டெஸ்கில், அதாவது இணையத்துக்கான செய்திகளைத் திருத்தி வெளியிடும் பிரிவில், சீனியர் சப்-எடிட்டராக இருக்கிறேன். வேறு இரண்டு இடங்களில் வேலை பார்த்துவிட்டு, ஆசைப்பட்டுத்தான் இங்கே சேர்ந்தேன். பிரேக்கிங் வந்தால் ஓடுவதும், பதினைந்து நிமிடத்தில் ஒரு செய்திக் காப்பியைத் தேற்றிக் கொடுப்பதும் எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால் இப்போதெல்லாம் ஆபீஸுக்குக் கிளம்பும்போதே வயிற்றைப் பிசைகிறது.

எங்கள் எடிட்டர் திறமைசாலி. கோபம் வந்தால் காலை மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் கிழித்துவிடுவார். போன மாதம் ஒரு பையன், தலைப்பில் தப்பு இருக்கிறது என்று சொன்னான். “இங்கே எடிட்டர் நீயா, நானா?” என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அடுத்த வாரம் ஒரு விபத்துச் செய்தியில் இறந்தவர்களின் எண்ணிக்கை தவறாகப் போனது. என்னையும் சேர்த்து டெஸ்கில் மூன்று பேருக்கு அது தவறு என்று தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. முக்கால் மணி நேரம் அந்த எண் அப்படியே கிடந்தது.

ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் “இதை யார் பார்க்கிறீர்கள்?” என்று வரும். பதில் போடாவிட்டால் மறுநாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார். ஹெச்.ஆர். ஒரு சர்வே எடுத்தார்கள், யார் எழுதியது என்று தெரியாது என்றார்கள். நான் எழுதிய ஒரு வரியை எடிட்டர் மீட்டிங்கில் அப்படியே வாசித்தார். “நாம எல்லாரும் ஒரே குடும்பம்” என்பது நிர்வாகம் அடிக்கடி சொல்வது. ஒரு வருடத்தில் டெஸ்கில் பாதிப் பேர் மாறிவிட்டார்கள்.

“மீடியான்னா இப்படித்தான். தாங்க முடியாதவங்க வேற வேலை பார்க்கட்டும்” என்கிறார் டெஸ்கின் தலைமை சப்-எடிட்டரான சீஃப் சப். நான்தான் பலவீனமானவளா? இங்கேயே இருப்பதா, போய்விடுவதா? புதிதாகச் சேர்ந்திருக்கும் பயிற்சிப் பெண் என்னிடம் வந்து அழுகிறாள். அவளுக்கு என்ன சொல்வது?

— பெயர் வெளியிட வேண்டாம்


அன்புள்ள வாசகிக்கு,

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பலவீனமானவர் இல்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, உங்கள் கடிதத்திலேயே ஆதாரம் இருக்கிறது. பிரேக்கிங் வந்தால் ஓடப் பிடிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். வேலையின் வேகத்தைத் தாங்க முடியாதவர் அப்படி எழுதமாட்டார். வயிற்றைப் பிசைவது செய்தியை நினைத்து அல்ல, மீட்டிங்கை நினைத்து. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, “மீடியான்னா இப்படித்தான்” என்று முடித்துவிடுகிறார் உங்கள் சீஃப் சப். அந்த ஒரு வாக்கியம் செய்தி அறைகளில் எத்தனையோ நல்ல ஆட்களைத் துரத்தியிருக்கிறது.

1979-ல் ராபர்ட் காராசெக் என்ற சமூகவியலாளர், அமெரிக்கா, ஸ்வீடன் ஆகிய இரண்டு நாட்டுத் தொழிலாளர்கள் பற்றிய தரவுகளை வைத்து ஒரு கருத்தை முன்வைத்தார். வேலைப் பளு மட்டுமே ஆளைச் சாய்த்துவிடுவதில்லை. பளு அதிகமாக இருந்து, அந்த வேலையை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைவாக இருந்தால்தான் மனம் நொறுங்குகிறது. இதை உங்கள் டெஸ்கில் வைத்துப் பாருங்கள். நடு ராத்திரியில் பெரிய செய்தி உடைகிறது, கூட்டத்தில் யார் எதைப் பார்ப்பது என்று நீங்களே பிரித்துக்கொள்கிறீர்கள், தலைப்பை நீங்களே வைக்கிறீர்கள். விடியும்போது உடம்பு அசந்துபோயிருக்கும், மனசு நிறைந்திருக்கும். அதே ராத்திரி, ஒவ்வொரு வரிக்கும் மேலே கேட்டுவிட்டு, கேட்டதற்கும் திட்டு வாங்கி, கேட்காததற்கும் திட்டு வாங்கினால்? செய்தி ஒன்றுதான், செலவான நேரமும் ஒன்றுதான். இரண்டாவது ராத்திரிக்குப் பிறகு மறுநாள் கிளம்பவே தோன்றாது. ஆகவே “மீடியா” என்ற சொல்லின் மேல் பழியைப் போடுவதை நாம் நிறுத்திவிடலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை உட்காரவிடாமல் செய்தது வாட்ஸ்அப்போ சர்வேயோ இல்லை. அந்த முக்கால் மணி நேரம்தான். மூன்று பேருக்குத் தெரிந்தும் தவறான எண் அப்படியே கிடந்தது. விபத்தில் சிக்கியவர்களின் வீட்டார் அந்த நேரத்தில் எல்லா செய்தித் தளங்களையும் மாற்றி மாற்றித் திறந்து பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். நீங்கள் மூவரும் பொறுப்பில்லாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. உங்களுக்கு ஒரு வாரம் முன்புதான் பாடம் நடத்தப்பட்டிருந்தது. அந்தப் பையன் தலைப்பில் தப்பு என்றான், அவனுக்கு என்ன நடந்தது என்று எல்லோரும் பார்த்தீர்கள். மனித மனம் இதையெல்லாம் மிக வேகமாகக் கற்றுக்கொள்ளும். அடுத்த வாரம் மூன்று பேர் வாயை மூடிக்கொண்டிருந்தது அந்த மீட்டிங்கின் நேரடி விளைவு.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுவில் தவறுகள் குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். கணக்கு நேர்மாறாக வந்தது. நல்ல குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. விசாரித்துப் பார்த்தபோது காரணம் பிடிபட்டது. அங்கே தவறு நடந்தால் வெளியே சொன்னார்கள். மற்ற வார்டுகளில் தவறு நடக்காமல் இல்லை, மறைந்துபோனது. பயமில்லாமல் பேச முடிகிற இந்தச் சூழலைத்தான் பின்னர் 1999-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் உளவியல் பாதுகாப்பு என்று அவர் விளக்கினார். செய்தி அறைக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன். நம் தொழிலில் சரக்கே நம்பகத்தன்மைதான். அதைக் காப்பாற்றுவது “இது தப்பு” என்று சொல்லக்கூடிய கடைசி வரிசை ஆள்.

உலகின் பெரிய பத்திரிகைகளில் ஒன்றும் இதில் சறுக்கியிருக்கிறது. நியூயார்க் டைம்ஸில் ஜேசன் பிளேர் என்ற இளம் நிருபர், போகாத ஊரிலிருந்து செய்தி அனுப்பினார், சொல்லாத மேற்கோள்களைச் சேர்த்தார், பிறர் எழுதியதை எடுத்துப் போட்டார். 2003 மே மாதம் அவர் பதவி விலகினார். அதே மாதம் பத்திரிகை முதல் பக்கத்திலேயே நீண்ட விளக்கம் வெளியிட்டது. அதற்கு முந்தைய சில மாதங்களில் அவர் எழுதிய 73 செய்திகளில் குறைந்தது 36-ல் கோளாறு இருப்பதாக அதில் ஒப்புக்கொண்டது. இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. அதற்கு ஓராண்டு முன்பே, 2002 ஏப்ரலில், நகரச் செய்திப் பிரிவின் ஆசிரியர் ஜானதன் லாண்ட்மன், இவர் இனிமேல் இங்கே எழுதக் கூடாது, உடனே நிறுத்த வேண்டும் என்று மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அந்த எச்சரிக்கை போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. விஷயம் வெடித்தபிறகு, மேலிடத்துக்குப் பயந்தும் மேலிடத்தோடு பேச்சே இல்லாமலும் இயங்கிய அறையைப் பற்றி ஊழியர்கள் வெளிப்படையாகவே கொதித்தார்கள். ஜூன் மாதம் நிர்வாக ஆசிரியரும் அவருக்கு அடுத்த நிலை ஆசிரியரும் பதவி விலகினார்கள். பிறகுதான் வாசகர் தரப்பில் நின்று கேள்வி கேட்க ஒரு பொது ஆசிரியரை அந்தப் பத்திரிகை நியமித்தது.

ஆகவே எடிட்டர் கத்துவது உங்கள் மனநலம் சம்பந்தப்பட்ட தனிப் பிரச்சினை என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அது செய்தியின் தரம் சம்பந்தப்பட்டது. நிர்வாகத்தோடு பேசும்போதும் இந்தப் பக்கத்திலிருந்தே பேசுங்கள், காது கொடுப்பார்கள்.

எடிட்டரிடம் நேரில் பேசிப் பார்க்கலாமா? ஒரு முறை பேசிப் பார்க்கலாம் என்பதே என் கருத்து. திறமைசாலி என்று நீங்களே எழுதியிருப்பதால் சொல்கிறேன். நன்றாக எழுதினார், அதனால் எடிட்டர் ஆனார். ஆட்களை நடத்துவது தனித் தொழில், அதை அவருக்கு யாரும் கற்றுத் தந்திருக்கமாட்டார்கள். ஊடகத்தில் இது சர்வ சாதாரணம். அவர் தலைக்கு மேலும் ஒருவர், தளத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் டேஷ்போர்டைக் காட்டி “ஏன் டிராஃபிக் விழுந்தது?” என்று கேட்டுக்கொண்டிருப்பார். இதெல்லாம் அவர் செய்ததை நியாயப்படுத்தாது. ஆனால் எந்த வார்த்தை அவரிடம் எடுபடும் என்று யோசிக்க உதவும்.

மீட்டிங்குக்கு முன்னால் வேண்டாம், அன்றைய சூடு அடங்கியபிறகு, தனியாக, பத்து நிமிடம் கேளுங்கள். அவருடைய குணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். நடந்த ஒன்றை மட்டும் எடுத்து வையுங்கள். “சார், அந்த விபத்துச் செய்தியில் எண்ணிக்கை தப்பு என்று எனக்கு அப்போதே தெரியும். நான் சொல்லவில்லை. முந்தின வாரம் மீட்டிங்கில் நடந்ததைப் பார்த்தபிறகு சொல்லத் தயங்கினேன். எனக்கு மட்டும் இல்லை, மற்றவர்களுக்கும் அந்தத் தயக்கம் இருக்கிறது. இனிமேல் இறந்தவர்களின் எண்ணிக்கை, பெயர், படம் இந்த மூன்றில் சந்தேகம் வந்தால் டெஸ்கில் யார் வேண்டுமானாலும் செய்தியை நிறுத்திவைக்கலாம், காரணத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொள்ளலாமா?” கோரிக்கை இவ்வளவுதான். பெயர் சொல்லிப் பேசினால் மற்ற இருவரும் மாட்டிக்கொள்வார்கள், அதனால் யார் யார் என்று கேட்டாலும் சொல்லாதீர்கள்.

அதன்பிறகு அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். கொஞ்சம் முகம் சுளித்தாலும் யோசித்துவிட்டு, இரண்டு நாள் கழித்து அந்த ஏற்பாட்டைச் செய்தார் என்றால், அந்த மனிதரோடு வேலை பார்க்க வழி இருக்கிறது. சரி சரி என்று தலையாட்டிவிட்டு எதுவும் நடக்கவில்லை என்றால் இன்னொரு தடவை ஞாபகப்படுத்திப் பாருங்கள். அடுத்த மீட்டிங்கில் உங்களைப் பெயர் சொல்லிக் குத்தினார் என்றால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு அவரே பதில் சொல்லிவிட்டார்.

ராத்திரி பதினொரு மணி விஷயத்துக்கு வருகிறேன். செய்தி தூங்காது, உண்மை. அதற்காகத்தான் ஷிஃப்ட் என்ற ஏற்பாடே இருக்கிறது. ஷிஃப்டில் இருப்பவரை நேராகக் கேட்காமல் “யார் பார்க்கிறீர்கள்?” என்று முப்பது பேர் இருக்கும் குழுவில் போடும்போது, முப்பது பேர் தூக்கமும் கெடுகிறது. ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.-யில் 31 வயதுப் பெண் நிருபர் ஒருவர் 2013 ஜூலையில் இதயச் செயலிழப்பால் இறந்தார். தேர்தல் செய்திகளுக்காக ஓடிய அந்தக் காலத்தில், ஒரே மாதத்தில் அவர் 159 மணி நேரம் கூடுதலாக வேலை பார்த்திருந்தார். அதிக வேலையால் நேர்ந்த மரணம் என்று அரசுத் தரப்பு மறு ஆண்டே ஏற்றுக்கொண்டது. நிறுவனம் அதை வெளியே சொன்னது 2017-ல்தான். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. வேலையின் மேல் பிரியம் உள்ளவர்கள் தங்கள் எல்லையைத் தாங்களாக உணர்வதில்லை என்பதற்காகச் சொல்கிறேன். நீங்கள் அந்த ரகம் என்று கடிதத்தின் முதல் பத்தியே சொல்கிறது.

குழுவின் அறிவிப்புச் சத்தத்தை ஷிஃப்ட் முடிந்ததும் அணைத்துவிடுங்கள். அதை மறைத்துச் செய்யாதீர்கள். “ஷிஃப்ட் முடிந்தபின் குழுவைப் பார்ப்பதில்லை. அவசரம் என்றால் போன் செய்யுங்கள், எடுக்கிறேன்” என்று ஒரு முறை குழுவிலேயே எழுதிவிடுங்கள். உண்மையிலேயே அவசரமானது எவ்வளவு குறைவு என்று சீக்கிரம் தெரிந்துவிடும். குழுவில் மெசேஜ் போடுவது சுலபம், போன் போட்டு ஒருவரை எழுப்புவதற்குமுன் யாரும் ஒரு கணம் யோசிப்பார்கள். பிரான்ஸில் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் வேலை நேரத்துக்கு வெளியே தொடர்பு கொள்வதைப் பற்றி ஊழியர்களோடு பேசித் தீர்மானிக்க வேண்டும் என்று 2017 முதல் சட்டமே இருக்கிறது. நீங்கள் கேட்பது உலகத்தில் இல்லாத சலுகை ஒன்றும் இல்லை.

அந்தக் குழுவில் யாரையாவது கேவலப்படுத்தி எழுதினால் அது வெறும் வாட்ஸ்அப் பேச்சு என்று விட வேண்டியதில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-ல் நிறைவேற்றிய 190-ஆவது உடன்படிக்கை, பணியிட வன்முறை, துன்புறுத்தல் என்பதில் வேலை தொடர்பாக மின்னணு வழியில் நடப்பதையும் சேர்த்திருக்கிறது. பயிற்சியில் இருப்பவர்களும் அதன் பாதுகாப்புக்குள் வருவார்கள். ஏற்றுக்கொண்ட நாடுகளைத்தான் அது கட்டுப்படுத்தும், இருந்தாலும் இன்று எது ஏற்கத்தக்கது என்பதற்கு அது ஓர் அளவுகோல்.

சர்வே விஷயத்தில் நீண்ட பேச்சு தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும் டெஸ்கில் எழுத்து நடையே ஆளைக் காட்டிக்கொடுக்கும். இனி எந்த சர்வேயிலும் பெயர் போட்டு எழுதத் தயங்கும் வரியை எழுதாதீர்கள். ஹெச்.ஆரில் நல்லவர்கள் நிறையவே இருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்குச் சம்பளம் தருவது நிறுவனம். அவர்களிடம் போனால் எழுத்தில் போங்கள், தேதியோடு போங்கள், என்ன நடவடிக்கை வேண்டும் என்று ஒரே ஒரு வரியில் கேளுங்கள்.

அதற்கு ஒரு நோட்டு வேண்டும். கையால் எழுதுங்கள், ஆபீஸ் லேப்டாப்பில் வேண்டாம். தேதி, நேரம், யார் இருந்தார்கள், சொன்ன வார்த்தை அப்படியே, அதனால் வேலையில் என்ன ஆனது. உங்கள் அபிப்பிராயம் வேண்டாம். நீங்கள் செய்தி எழுதத் தெரிந்தவர், அந்த ஒழுங்கிலேயே எழுதினால் போதும். நிறுவனத்தின் உள் ஆவணங்களைச் சொந்த மெயிலுக்கு அனுப்பும் பழக்கம் மட்டும் கூடாது. நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அந்த ஒரு காரணம் போதும், கதை திசை மாறிவிடும். ரகசியமாக ஒலிப்பதிவு செய்வதற்கு முன்னால் உங்கள் இடத்துச் சட்டம் தெரிந்த ஒருவரைக் கேட்டுவிடுங்கள்.

உடம்பைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். வேலையால் மனிதர் வெந்துபோவதைக் கண்டறிய கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981-ல் ஓர் அளவீட்டை வெளியிட்டார்கள். தீராத அசதி, சக மனிதர்கள் மேல் மரத்துப்போன மனநிலை, நான் செய்வது எதற்கும் பிரயோசனம் இல்லை என்ற நினைப்பு, இந்த மூன்றையும் அது பார்க்கிறது. உலக சுகாதார நிறுவனமும் 2019-ல் இதை வேலை சார்ந்த நிலை என்று தன் நோய் வகைப்பாட்டில் குறிப்பிட்டது, தனிப்பட்ட நோயாக அல்ல. டெஸ்கில் இரண்டாவது அறிகுறியைக் கவனியுங்கள். ஒரு மரணச் செய்தி வரும்போது “இது நல்லா ஓடும்” என்பது மட்டுமே தோன்றினால், சட்டென்று நின்று யோசிக்க வேண்டிய நேரம் அது. அந்த எண் தவறு என்று உங்களை இன்னும் உறுத்துகிறது, அதனால் அங்கே நீங்கள் போய்ச் சேரவில்லை என்று நம்புகிறேன். தூக்கம் கெட்டிருந்தாலோ, வயிற்றைப் பிசைவது விடுமுறை நாளிலும் தொடர்ந்தாலோ, மருத்துவரைப் பாருங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

இருப்பதா, போவதா என்பதை இன்றைக்கே முடிவு செய்யாதீர்கள், முடிவு செய்யும் தேதியை இன்றைக்கே குறித்துவிடுங்கள். எடிட்டரிடம் பேசிய நாளிலிருந்து மூன்று மாதம் போதும் என்று நினைக்கிறேன். அதற்குள் ஏதாவது ஒரு தவறை ஒருவர் சுட்டிக்காட்டி, திட்டு வாங்காமல் தன் நாற்காலிக்குத் திரும்பியிருக்க வேண்டும். இதை மட்டும் பாருங்கள். சம்பள உயர்வு, புது ஆபீஸ், பாராட்டு மெயில் எதையும் இதற்குப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். “ஒரே குடும்பம்” என்ற பேச்சையும்தான். நிறுவனத்தோடு உங்களுக்கு ஒப்பந்தம் இருக்கிறது, அதில் வேலை நேரமும் நோட்டீஸ் பீரியடும் எழுதியிருக்கிறது. குடும்பம் என்ற சொல் எப்போது வருகிறது என்று கவனித்துப் பாருங்கள், பெரும்பாலும் கூடுதலாக ஏதாவது கேட்கும்போதுதான் வரும்.

மூன்று மாதம் சும்மா காத்திருக்கவும் வேண்டாம். நீங்கள் எழுதிய, திருத்திய முக்கியமான வேலைகளைப் பக்கத்தோடு சேமித்துவையுங்கள். வெளியான செய்திகள்தானே, அதில் தவறில்லை. தளங்கள் வடிவம் மாற்றும்போது பழைய இணைப்புகள் செத்துப்போவது இந்தத் தொழிலில் எல்லோரும் பட்ட அனுபவம். ஒப்பந்தத்தை மறுபடி ஒரு முறை படியுங்கள். சில மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்குங்கள். வேறு இடத்தில் நேர்காணலுக்குப் போனால், நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள்: “கடைசியாக நீங்கள் வெளியிட்ட திருத்தம் எது? அதை முதலில் கண்டுபிடித்தது யார்?” பதில் சொல்பவர் கொஞ்சமும் கூச்சமில்லாமல், “எங்கள் டெஸ்கில் புதிதாக வந்த ஒருவர்” என்று கதையாகச் சொன்னால், அந்த வேலையைத் தைரியமாக யோசிக்கலாம். “எங்களிடம் திருத்தமே வருவதில்லை” என்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

பயிற்சிப் பெண்ணிடம் “எல்லாம் பழகிவிடும்” என்று சொல்லாதீர்கள். நாம் அப்படித்தான் பழகினோம், அதனால்தான் அன்றைக்கு எல்லோரும் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவளிடம் வேலையையும் திட்டையும் பிரித்துக் காட்டுங்கள். “உன் காப்பியில் இரண்டாவது பத்தி சரியில்லை, ஏன் என்று சொல்கிறேன். உன்னிடம் கத்தியது வேறு விஷயம், அது உன் தப்பில்லை” என்று நீங்கள் சொன்னால், நல்ல விமர்சனத்தையும் அவமானத்தையும் ஒன்றென்று நினைக்காமல் வளர்வாள். அவள் உங்கள் காப்பியில் ஒரு தப்பைக் கண்டுபிடித்தால் டெஸ்கில் எல்லோருக்கும் கேட்கும்படி நன்றி சொல்லுங்கள். அடுத்த முறை மீட்டிங்கில் அந்தப் பையனுக்கோ அவளுக்கோ அப்படி ஒன்று நடந்தால், உங்கள் சீனியாரிட்டிக்கு ஒரு வாக்கியம் சொல்ல உரிமை உண்டு: “சார், அவன் சொல்வது சரிதான், நான் பார்த்துவிட்டேன்.” கூட எதுவும் சேர்க்க வேண்டாம். எடிட்டரிடம் தனியாகப் பேசுவதற்கு முன்பே இந்த வாய்ப்பு வந்துவிட்டால், இதிலிருந்தே தொடங்குங்கள்.